மொனோவில் இருந்த குரல்

மார்ச் 14, வெள்ளி

என் திருமண வீடியோவை எடுத்தவன் தம்பி. அதனால் அதில் அவன் முகம் இல்லை, கமராவின் பின்னாலிருந்து, "அண்ணை, கொஞ்சம் சிரியுங்கோவன்!" என்ற குரல் மட்டும் உண்டு. பிறகு காணாமல் போன அவனிடமிருந்து எங்களுக்கு எஞ்சியது அதுவே.

அந்த வீடியோக் கசெற்றை டிஸ்க்கில் ஏற்ற ஒரு ஸ்டூடியோவில் கொடுத்திருந்தேன். இன்று போட்டால், இரண்டு ஸ்பீக்கரிலும் சினிமாப் பாட்டு.

ஸ்டூடியோவுக்குப் போனேன்.

"மொனோச் சத்தம் சேர், ஒற்றைத் தடம், ஒரே இரைச்சல். அதை அழிச்சுப்போட்டு ஸ்டீரியோவிலை பாட்டுப் போட்டுவிட்டனான். வடிவாயிருக்கெல்லே?"

"கசெற்?"

"பூஞ்சணம் பிடிச்சது. எறிஞ்சிட்டன்."

நான் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் கையும் உயர்ந்திருக்கும்.

வீட்டில் அம்மா ஸ்பீக்கரில் காதை வைத்தபடி இருந்தார்.

"சத்தத்தைக் கூட்டு ராசா. என்ரை காதுதான் மந்தம், அவன் கதைக்கிறது கேக்குதில்லை."

கூட்டினேன்.