பச்சைச் சட்டை மாப்பிள்ளை

சிங்கப்பூர்,
25-8-1963

அன்பு மகன் மாணிக்கத்துக்கு அம்மா எழுதுவது. காளியம்மன் புண்ணியத்தில் நானும் உன் தங்கை பாக்கியமும் சுகம், லண்டனில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். உங்கப்பாவும் சுகம் என்று எழுதத்தான் பேனா வரமாட்டேன் என்கிறது. பயந்துவிடாதே, உடம்புக்கு ஒன்றுமில்லை, டாக்டர் கூட நாடி பிடித்துப் பார்த்துவிட்டு எல்லாம் ஒழுங்காகத்தான் ஓடுகிறது என்று சொல்லிவிட்டார். விஷயம் இதுதான், நம் சிங்காரம் தேக்கா வாலிபர் சங்கத்தை விட்டுவிட்டுத் தஞ்சோங் பகார் கால்பந்துக் குழுவில் போய்ச் சேர்ந்துவிட்டான். ஆமாம், பாக்கியத்துக்குப் பேசி வெற்றிலை பாக்கு மாற்றித் தை மாதம் முகூர்த்தம் குறித்து வைத்திருக்கிறோமே, அதே சிங்காரம்தான். நீ கப்பல் ஏறும்போது அவன் ரிசர்வில் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தான், இப்போது அவன் இடது காலில் பந்து பட்டால் கோல் என்று சிராங்கூன் ரோடே சொல்லும். அந்தப் பிள்ளை சண்டை போட்டுக்கொண்டும் போகவில்லை. வெற்றிலை மாற்றிய அன்று உங்கப்பாதான் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, கல்யாணத்துக்குள்ள நிரந்தரமா ஒரு வேலையும் குடியிருக்க ஒரு குவாட்டர்ஸும் பாத்துக்கணும் தம்பி, பந்து சோறு போடாது என்று புத்தி சொன்னார். அவனும் கேட்டுக்கொண்டு துறைமுகத்துப் பக்கம் வேலையும் பார்த்துக்கொண்டான், குவாட்டர்ஸும் கிடைத்தது. வேலை வாங்கிக் கொடுத்தவர் தஞ்சோங் பகார் குழுவுக்கு வேண்டியவர், எங்களுக்கு ஆட வர்றியா என்று கேட்டிருக்கிறார், இவனால் எப்படி மாட்டேன் என்று சொல்ல முடியும். சொன்ன பேச்சுக் கேட்கிற மாப்பிள்ளை வேண்டும் வேண்டும் என்று கிடந்தார் உங்கப்பா, கிடைத்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த நாளே காதர் மைதீன் டீக்கடையில் சங்கத்தின் அவசரக் கூட்டம். உங்கப்பாதான் தலைவர், தையல் கடையைக் கூட ஒருநாள் பூட்டுவார், அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார், அது உனக்கே தெரியும். காரியதரிசி ஏரம்பமூர்த்தி, எதையும் தீர்மானமாக எழுதாவிட்டால் அந்த யாழ்ப்பாணத்துக்காரருக்குச் சாப்பாடு இறங்காது, சிங்காரம் நமது சங்கத்துக்காக அடித்த கோல்கள் யாவும் அடிக்கப்படாதவையாகக் கருதப்படும் என்று எழுதி வாசித்தார். எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். தட்டி முடித்த பிறகுதான் யோசித்தார்கள், அவன் அடித்த கோலைக் கழித்துவிட்டால் நாம் ஜெயித்த ஆட்டமே கிடையாது, டீக்கடை அலமாரியில் இருக்கிற கோப்பையும் நம்முடையது கிடையாது. அப்ப திருப்பிக் குடுக்கத்தானே வேணும், சட்டமெண்டால் சட்டம் என்று ஏரம்பமூர்த்தி ஒற்றைக் காலில் நிற்கிறார். காதர் மைதீன்தான், கோப்பையில சீனி கொட்டி வச்சிருக்கேன், சீனி தீரட்டும் லா என்று சொல்லித் தடுத்தாராம். உங்கப்பாவுக்கு அதுவும் போதவில்லை. சிங்காரத்தைத் தலைமுழுகியே தீருவேன் என்று கிளம்பிவிட்டார். இங்கே மழையே இல்லாமல் தண்ணீருக்குப் பங்கீடு போட்டிருக்கிறார்கள், குழாயில் தண்ணீர் வரும் நேரம் பார்த்துப் பெண்கள் எல்லாரும் பஃபலோ ரோட்டில் குடத்தோடு வரிசையில் நிற்கிறோம், இவர் இடுப்பில் துண்டோடு முன்னால் வர, சங்கத்து ஆட்கள் ஆளுக்கொரு வாளியோடு பின்னால் வருகிறார்கள். யாருங்க தவறிட்டாங்க என்று பக்கத்து வீட்டுச் சிவகாமசுந்தரி பதறிப்போய்க் கேட்டாள். யாரும் தவறவில்லை, பந்து ஆடுகிறவன் குழு மாறிவிட்டான் என்று தெரிந்ததும், குடிக்கத் தண்ணியக் காணோம், உங்களுக்குக் குளியல் கேக்குதா என்று ஒரு சத்தம் போட்டாள் பார், அத்தனை பேரும் காய்ந்த தலையோடு திரும்பினார்கள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, வயிற்றில் பால் வார்த்ததுபோலவும் இருந்தது. தலைதான் நனையவில்லையே, உறவு இன்னும் அறுந்து போகவில்லை என்று சொல்லிக்கொண்டேன்.

பிறகு அந்தப் பூட்ஸ். கோப்பை ஜெயித்த அன்று சிங்காரத்தின் பிய்ந்துபோன இடது பூட்ஸைக் கேட்டு வாங்கி வந்து சாமி படத்துக்குக் கீழே வைக்கப் போனார், நான் கத்தின கத்தில் அலமாரி மேலே வைத்தார். அதை இப்போது எடுத்துக்கொண்டு போய் ரோச்சோர் கால்வாயில் போட்டுவிட்டு வந்தார். தண்ணீர் வற்றிக் கிடந்த நேரம் பார்த்துப் போட்டிருக்கிறார், அது எங்கே போகும், சேற்றில் நிமிர்ந்து நின்றிருக்கிறது. தேக்கா மார்க்கெட்டில் இறைச்சிக் கடை வைத்திருக்கும் அப்துல் காதர், உங்க வீட்டுச் சாமான் விழுந்து கிடந்துச்சு என்று நன்றாகக் கழுவிக் காகிதத்தில் சுற்றி ஆட்டுக்கறியோடு சேர்த்து என்னிடம் கொடுத்தார். மறுபடி அலமாரி மேலே வைத்திருக்கிறேன், இவர் பார்த்தும் பார்க்காததுபோல் போகிறார். தஞ்சோங் பகார்க்காரர்கள் பச்சைச் சட்டை போடுகிறவர்கள், அதனால் வீட்டில் பச்சை கூடாது என்று உத்தரவு. கீரை ஆகாது, ரசத்தில் கறிவேப்பிலை ஆகாது, அமாவாசைக்கு வாழை இலை போட்டால் தட்டைக் கொண்டா என்கிறார். ஊர் முழுக்க மலேசியாவோடு சேருவதைப் பற்றிப் பேசுகிறது, இந்த வீட்டில் மட்டும் சிங்காரம் போய்ச் சேர்ந்ததுதான் பேச்சு.

நீ படித்துவிட்டுச் சிரிப்பாய், சிரி, ஆனால் பாக்கியத்தின் முகத்தைப் பார்த்தால் சிரிக்க மாட்டாய். நான் பொண்ணு குடுத்தது தேக்கா லெப்ட் விங்குக்கு, தஞ்சோங் பகாருக்கு இல்ல என்று இவர் சொல்லப்போக, நான் கட்டிக்கப் போறது மனுஷனை, சட்டைதான் முக்கியம்னா சட்டையை நீங்களே கட்டிக்குங்கப்பா என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதிலிருந்து அப்பாவோடு பேச்சு இல்லை. சிங்காரமும் ஒருநாள் வெள்ளைச் சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தான். மாமா, நீங்கதானே வேலை பாக்கச் சொன்னீங்க என்றான் பாவம். இவர் சுவரைப் பார்த்துக்கொண்டே, வேலை பாக்கச் சொன்னேன், அவனுங்களுக்குக் கோல் அடிக்கச் சொன்னேனா என்றார். அவன் காப்பியைத் தொடாமல் போய்விட்டான், பிள்ளை அன்று போன நடையை நினைத்தால் எனக்கு இன்னும் அழுகை வருகிறது. போன வாரம் அவன் அம்மா முத்தாயி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, ஆவணி முடியறதுக்குள்ள ஒரு பதில் சொல்லிடுங்க அக்கா, அந்தப் பக்கமே ஒரு இடம் வருது, நானும் எத்தனை நாளைக்குத்தான் பிள்ளைய நிறுத்தி வைக்கிறது என்று கேட்டுவிட்டுப் போனாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பேரர் பார்க் மைதானத்தில் இரண்டு குழுவுக்கும் ஆட்டம். சிங்காரம் காலுக்குப் பந்து வந்தால் தேக்கா ஆட்கள் அத்தனை பேரும் முதுகைத் திருப்பிக்கொள்ள வேண்டும், ஒருத்தரும் பார்க்கக் கூடாது என்று உங்கப்பா திட்டம் போட்டிருந்தார். நானும் பாக்கியமும் குடையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றோம். பந்து அவனிடம் போகும், இத்தனை பேரும் திரும்பி ரேஸ் கோர்ஸ் ரோட்டைப் பார்ப்பார்கள், பந்து அவனை விட்டுப் போனதும் திரும்புவார்கள், ஆடுகிறவர்களை விட இவர்களுக்குத்தான் மூச்சு வாங்கியது. முடியப் போகிற நேரம், ஒரு கோலும் விழவில்லை, பந்து சிங்காரத்திடம் போனது, எல்லாரும் திரும்பிக்கொண்டார்கள். திடீரென்று, அடிச்சான் பாருடா என் மருமவன் என்று ஒரு குரல், ஒரு ஆள் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு குதிக்கிறார், பார்த்தால் உங்கப்பா. கோல் விழுந்ததே மற்றவர்களுக்கு அப்படித்தான் தெரியும். கீழே இறங்கியதும் சுற்றிப் பார்த்தார், முகம் சுண்டிவிட்டது, கட்டெறும்பு கடிச்சிருச்சு என்றார். எறும்பு கடித்தால் ஐயோ என்று கத்துவார்கள், என் மருமவன் என்றா கத்துவார்கள். ஏரம்பமூர்த்தி இவர் மேல் தீர்மானம் எழுத அங்கேயே தாளை எடுத்துவிட்டார். இப்போது உங்கப்பா டீக்கடைக்குள் நுழைந்தால் கடையே முதுகைத் திருப்பிக்கொள்கிறதாம், இவர் கண்டுபிடித்த வேலை, இவருக்கே நடக்கிறது. காதர் மைதீன் டீ தருவதில்லை. ஒரு வாரமாக வீட்டில் என் காப்பியைக் குடித்துவிட்டுக் குறை சொல்லாமல் எழுந்து போகிறார், அவ்வளவு உடைந்துபோயிருக்கிறார். ஆனாலும் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டால் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார், அழுத்திக் கேட்டால் எறும்பு என்கிறார். முத்தாயிக்கு என்ன சொல்வேன் என்று தெரியாமல்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

நீ குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. ஊறுகாய் பாட்டில் உடையாமல் வந்ததா எழுது. அங்கே நீ ஏதாவது குழுவுக்குக் கைதட்டினால் தட்டிக்கொள், வீட்டுக்கு மட்டும் எழுதாதே, என்னால் இன்னொன்றைத் தாங்க முடியாது. படிப்பு முடிந்து நல்லபடியாக வந்து சேர வேண்டும், காளியம்மன் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும்.

மறந்துவிடாதே, ஒரு ஜோடி பந்தாடுகிற பூட்ஸ் வாங்கிக் கப்பலில் அனுப்பு. மேலே இருப்பதை எழுதிக்கொண்டிருக்கும்போதே உங்கப்பா கத்தரிக்கோல் தேடுகிறதுபோல் என் பின்னால் வந்து நின்று சொன்னார், நல்ல தோலா இருக்கணும், சைஸ் எட்டு, தைக்கு முன்னாடி வந்து சேரணும்னு எழுது என்றார். யாருக்கு என்று கேட்டேன். எனக்குத்தான், காலையில நடக்கப் போறதுக்கு என்றார். நாளைக் காலையில் முதல் வேலையாக முத்தாயியைப் பார்க்கப் போகிறேன். உங்கப்பா காலுக்குச் சைஸ் ஆறு.

இப்படிக்கு,
உன் அம்மா
பூவம்மா