சோபியின் பேனரில் ரத்தம்

மே 3, சனி
காலையிலேயே புழுக்கம். சாரம் ஏரியாவில் நான் டிசைன் போடும் பேனர் கடையில் ஏசி ரிப்பேர். இன்றைய பேனர் டிசைன்: காதுகுத்து ஒன்று, கல்யாணம், ஒரு வயசுப் பிறந்தநாள். அந்தக் குழந்தை கையில் துப்பாக்கி வேண்டுமாம். "மாஸா இருக்கணும்க்கா." வைத்துக் கொடுத்தேன். வாராவாரம் இப்படி ஒன்று.

சாயங்காலம் வீட்டில் மகள் சோபி. அடுத்த ஞாயிறு அவளுக்குப் புதுநன்மை, சர்ச்சில் முதல் தடவை நற்கருணை வாங்கும் நாள். வெள்ளை கவுன் தைத்து வந்தாயிற்று. பேனரில் கையில் பட்டாக்கத்தி, கன்னத்தில் ரத்தம் வேண்டுமாம்.
"சர்ச்சுக்குப் போற புள்ள கையில கத்தியா?"
"எல்லாப் பட போஸ்டர்லயும் அப்படித்தாம்மா நிக்கிறாங்க. அதான் கெத்து."
சிரித்துவிட்டேன். பிறகுதான் உறைத்தது. எட்டு வயசு. அவள் பார்ப்பது ரீல்ஸ் மட்டுமா, என் கம்ப்யூட்டரையும்தான்.

மே 4, ஞாயிறு
சர்ச்சில் பூசை. சங்கரா மீன் குழம்பு. கத்தக் கூடாது என்று முடிவு. லேப்டாப்பை அவளிடமே கொடுத்தேன். கத்தியை ஒட்டினாள், ரத்தம் தெளித்தாள்.
"யார் ரத்தம்டி இது?"
"தெரியல."
"யாரையாச்சும் வெட்டுனியா?"
"ச்சீ! நான் ஏன் வெட்டப் போறேன்?"
ரத்தத்தை அழித்தாள். கத்தி போகவில்லை. எனக்குக் கோபம். அடக்கினேன்.
திடீரென்று, "ம்மா, பீச் ரோட்டுல ஸ்கேட்டிங் கத்துக்கும்போது வுழுந்தேனே. அப்ப நெஜமாவே ரத்தம் வந்துச்சே!"
அந்தப் படம் போனில் இருந்தது. முட்டியில் கட்டு, மறுபடியும் ஸ்கேட் மாட்டிக்கொண்டு சிரிக்கிறாள். கத்தியை அவளே நீக்கிவிட்டு இந்தப் படத்தை வைத்தாள். அப்பாடா.

மே 11, ஞாயிறு
நல்ல வெயில். புதுநன்மை நன்றாக நடந்தது. வீட்டு கேட்டில் பேனர். வெள்ளை கவுன் ஒரு பக்கம், முட்டிக் கட்டு ஒரு பக்கம். மாமியாருக்குப் பிடிக்கவில்லை. "நல்ல நாளும் அதுவுமா காயத்தப் போட்டு வெச்சிருக்கியே!" தெருப் பிள்ளைகள் ஆளுக்கொரு தழும்பைக் காட்டிப் பெருமையடித்தார்கள். நடுவில் சோபி. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மே 12, திங்கள்
பாயசம் மிச்சம், கடைக்கு எடுத்துப் போனேன். உழவர்கரையிலிருந்து ஒருவர், மகனுக்குப் பத்தாவது பிறந்தநாள். பையன் கையில் அரிவாள் வேண்டுமாம். முதலாளி பக்கத்தில். முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை.
"தம்பிக்கு நெஜமா என்ன வரும்ண்ணா? அதப் போடலாமே" என்றேன்.
வீட்டுக்குப் போன் போட்டார். பையனே எடுத்தான் போல. கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு என்னைப் பார்த்து, "தோச சுடுவானாம்மா. நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போனப்புறம் தங்கச்சிக்கு அவந்தான் சுட்டுத் தரானாம். எனக்கே தெரியாது."
மறுபடி போனில்: "டேய், அந்தத் தோசக் கரண்டியோட ஒரு போட்டோ எடுத்து அனுப்புடா."