குங்குமம் மஞ்சளாகவில்லை, சரோஜாக்கா

என் சரோஜாக்காவுக்கு,

நீ இருக்கிற இடத்தில் ஸ்டாஃப் ரூம் உண்டா? உண்டென்றால் ஜன்னலோர நாற்காலியை இந்நேரம் பிடித்துப் போட்டிருப்பாய். இங்கே உன் நாற்காலியில் புதுக் கணக்கு டீச்சர் உட்காருகிறாள். நல்ல பெண்தான், ஆனால் டீயை உறிஞ்சுகிற சத்தம் இருக்கிறதே, அப்பப்பா! நீயானால் சிரித்துப் பேசியே அதை நிறுத்தியிருப்பாய். நான் ஒரு முறை முறைத்தேன், அவள் வராந்தாவுக்குப் போய்க் குடிக்க ஆரம்பித்துவிட்டாள். என் குணம் உனக்குத் தெரியாததா?

நம் மைசூர்த் தமிழர்கள் போடுகிற ஆண்டு மலருக்கு என்னிடம் ஏதாவது எழுதிக் கேட்டார்கள். 'பிள்ளைகள் அறிவியல் படிக்க வேண்டும்' என்று கட்டுரை எழுதுங்கள் டீச்சர் என்றார்கள். எனக்குக் கட்டுரை வரவில்லை அக்கா. உன்னிடம் சொல்ல வேண்டிய ஒரு சேதிதான் வந்தது, நந்தினியைப் பற்றி. மற்றவர்களும் கூடப் படிக்கட்டும். நந்தினியின் அப்பாவிடம் கேட்டுவிட்டேன், "எழுதுங்க டீச்சர், மறைக்கறதுக்கு என்னங்க இருக்குது" என்றார்.

நந்தினியை நீ மறந்திருக்க மாட்டாய். ஒன்பதாம் வகுப்பில் நீ போர்டில் ஒரு கணக்கை முடித்துவிட்டுத் திரும்பினால், "வேற வழியில போட்டாலும் இதே விடைதான் வருமா டீச்சர்?" என்று கையைத் தூக்கிக்கொண்டு நிற்பாளே, அவள். ஆஸ்பத்திரியில் உன்னைக் கடைசியாகப் பார்த்தபோது உன் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை நீ. "ஜெசி, ரிசல்ட் வந்ததும் நந்தினி வீட்டுக்குப் போயிட்டு வந்துரு கண்ணு. அந்தப் புள்ளைய விட்டுராதே" என்றாய். நானும் சரி சரி என்று தலையாட்டினேன். நீயே போவாய் என்று நினைத்துக்கொண்டுதான் ஆட்டினேன்.

ரிசல்ட் வந்த பிறகு வீடு வீடாகப் போவது உன் வழக்கம். நான் வெறும் துணைக்கு வருவேன். போனதும் படிப்பைப் பற்றிப் பேச மாட்டாய். அந்த வீட்டில் என்ன இருக்கிறதோ அதைச் சாப்பிடுவாய், இன்னொரு கரண்டி கேட்டும் வாங்குவாய். பிறகுதான், ஏதோ அப்போதுதான் ஞாபகம் வந்ததுபோல, "புள்ளைய என்ன படிக்க வெக்கறதா உத்தேசம்?" என்பாய். நின்றுகொண்டிருக்கிற அப்பனிடம் பேசாதே, நாலு பேர் முன்னால் பேசாதே, இது உன் சட்டம். பதில் சொல்கிறவனுக்குப் பின்வாங்க ஒரு இடம் வேண்டும் என்பாய்.

அத்தனை சட்டத்தையும் நான் ஒரே நாளில் உடைத்தேன்.

மே மாதம் பத்தாம் வகுப்பு ரிசல்ட்டில் நந்தினி நல்ல மார்க் வாங்கினாள். ஆனால் அப்பா காமர்ஸ்தான் என்று சொல்லிவிட்டாராம். பி.யூ.சி., அதாவது பதினொன்றாம் வகுப்பு, விண்ணப்பத்துக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. "கடைக் கணக்குப் பாத்துக்கிட்டா போதும், கட்டிக்கொடுக்கற வரைக்கும்னு சொல்றாரு டீச்சர்" என்று அவள் தரையைப் பார்த்துச் சொன்னாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

அவள் அப்பா மாதையன் ராமாபுரத்துக்காரர், உங்கள் பக்கத்து ஆள். தேவராஜ மார்க்கெட்டில் குங்குமக் கடை. தாம்பாளம் தாம்பாளமாகக் கூம்பு கூம்பாகக் குவித்து வைத்திருப்பாரே, அந்த வரிசைதான். சயின்ஸ் டீச்சர் இல்லையா, எனக்கு ஒரு யோசனை பளிச்சென்று உதித்தது. குங்குமம் என்பது என்ன? மஞ்சளில் சுண்ணாம்பைச் சேர்த்தால் சிவப்பு. அதன் மேல் எலுமிச்சையைப் பிழிந்தால் மறுபடி மஞ்சள். இந்த மனிதர் காலையிலிருந்து ராத்திரி வரை கெமிஸ்ட்ரியைத்தானே எடைபோட்டு விற்கிறார்! அவர் கண்முன்னே அவர் குங்குமத்தையே மஞ்சளாக்கிக் காட்டினால் ஆள் அசந்துவிட மாட்டாரா?

சும்மா போகவில்லை அக்கா, சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் போனேன். நம் மேஜை டிராயரில் உன் குங்கும டப்பா அப்படியே இருந்தது. யார் வீட்டுக்கும் கிளம்புமுன் பொட்டைச் சரிசெய்துகொள்வாயே, அந்த டப்பா. அதில் ஒரு சிட்டிகை எடுத்து எலுமிச்சை விட்டேன், சட்டென்று மஞ்சளானது. குங்குமம் என்றால் எல்லாம் ஒன்றுதானே என்று நினைத்தேன். பிறந்ததிலிருந்து பொட்டே வைக்காத வேதக்காரி, குங்குமக் கடைக்காரருக்கே பாடம் எடுக்கப் புறப்பட்டேன். உன் டப்பாவில் இருந்தது ராமாபுரத்தில் உங்கள் வீட்டிலேயே இடித்துச் செய்தது என்று உன் தங்கை சொல்லிப் பிறகுதான் தெரிந்தது.

மார்க்கெட்டில் அன்றைக்கு நல்ல கூட்டம். நந்தினியும் கடையில் இருந்தாள். மாதையன் எழுந்து நின்று, "வாங்க டீச்சர், உக்காருங்க, காபி சொல்லட்டுங்களா?" என்றார். உட்கார்ந்திருக்கக் கூடாதா நான்? "காபி இருக்கட்டும், ஒரு எலுமிச்சம்பழம் வாங்கி வாங்க" என்றேன். பக்கத்துக் கடையில் அவரே வாங்கி வந்தார். "உங்க பொண்ணு ஏன் சயின்ஸ் படிக்கணும்னு இப்பக் காட்டறேன், பாருங்க" என்று சத்தமாகவே சொன்னேன். வாங்க வந்தவர்களும் வேடிக்கை பார்க்கச் சேர்ந்துவிட்டார்கள். ஒரு காகிதத்தில் குங்குமத்தை வைத்துப் பழத்தை இரண்டாக நறுக்கிப் பிழிந்தேன்.

குங்குமம் மஞ்சளாகவில்லை. சிவப்பு சிவப்பாகவே இருந்தது. போதாக்குறைக்குச் சாறு ரோஸ் நிறமாகக் கசிந்து காகிதம் முழுக்க ஊறி என் விரலெல்லாம் ஒட்டிக்கொண்டது. மஞ்சள் வாசனைகூட இல்லாத வெறும் சாயம்! பூஜைக்கு வாங்க வந்திருந்த ஒரு அம்மாள், "ஏன்ரீ இது, பரீ பண்ணனா?" என்று கன்னடத்தில் கேட்டாள். வெறும் சாயம்தானா என்று அர்த்தம். மாதையன் என்னைப் பார்த்தார். நான் விரலைப் புடவைத் தலைப்பில் துடைத்தேன், தலைப்பும் சிவந்தது.

அப்போது நந்தினி பேசினாள். "டீச்சர், பழம் பழசு. சாறு கெட்டுப்போச்சு போல. அதான் மாறல." குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. என் கண்ணை மட்டும் பார்க்கவில்லை. கூட்டம் கலைந்தது, அந்த அம்மாளும் அரைமனதாக ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு போனாள். நான் காகிதத்தைக் கசக்கிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு ஆட்டோ பிடித்தேன்.

வழியெல்லாம் உன்னிடம்தான் பேசிக்கொண்டு வந்தேன். பிள்ளையின் படிப்பைக் காப்பாற்றப் போய் அப்பனின் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டேனே, இனி அவளை யார் சயின்ஸ் படிக்க விடுவார்கள் என்று. நீ சொன்ன ஒரே ஒரு வேலை. அதையும் கெடுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்தால், வாசலில் மாதையன் நிற்கிறார். பின்னால் நந்தினி, அழுது முகமெல்லாம் வீங்கி. சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அப்போதுதான் உன் சட்டம் ஞாபகம் வந்தது. "முதல்ல சாப்பிடுங்க, எதுவானாலும் அப்புறம்" என்றேன். வேண்டாம் வேண்டாம் என்று சொன்னவர், தட்டு வைத்ததும் உட்கார்ந்துவிட்டார். இட்லியும் முந்தின நாள் மீன் குழம்பும். அவர் பேசாமல் சாப்பிட்டார், நான் பேசாமல் பரிமாறினேன். நான் பேசாமல் இருந்தேன் என்பதை நீ நம்ப வேண்டும்.

கை கழுவிவிட்டு வந்து சொன்னார். "டீச்சர், நீங்க போனதுக்கு அப்புறம் அந்தப் பழத்தோட மறுபாதிய நான் பிழிஞ்சு பாத்தேனுங்க. சாறு கொட்டுச்சு. நல்ல பழம்." நந்தினி தலையைக் குனிந்துகொண்டாள். "எம்புள்ள பொய் சொல்லுச்சுங்க. தெரிஞ்சேதான் சொன்னியான்னு கேட்டேன். 'அது மஞ்சளே இல்லப்பா'ன்னு சொல்லிட்டு அழுவுது."

துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே மேலே சொன்னார். "மொத்த வியாபாரி மூட்டை மூட்டையாத் தர்றான், நான் குவிச்சு வெச்சு விக்கறேன். உள்ள என்ன கெடக்குதுன்னு எங்கப்பனும் பாக்கலை, நானும் பாக்கலை. நெத்தியில வெக்கறாங்க டீச்சர், கைக்கொழந்தைக்கும் வெக்கறாங்க. அது எனக்குத் தெரியாமப் போச்சு. தெரிஞ்ச புள்ள, அப்பன் மானம் போயிரும்னு தெரியாத மாதிரி நிக்குது. இனி எம்புள்ள எனக்காகப் பொய் சொல்லக் கூடாதுங்க. தெரிஞ்சதைச் சத்தமாச் சொல்லட்டும். எங்க சேக்கணும், எப்பச் சேக்கணும், நீங்களே சொல்லுங்க."

நான் அழுதுவிட்டேன் அக்கா. அந்த மனிதர் பதறிப்போய், "கொழம்பு நல்லாத்தான் இருந்துச்சுங்க டீச்சர்" என்றார். நந்தினி சிரித்துவிட்டாள். மறுநாளே போய்ச் சேர்த்தோம்.

இப்போது கடையில் ஒரு கிண்ணத்தில் எலுமிச்சைத் துண்டுகள் இருக்கின்றன, பிழிந்து பார்த்து வாங்கலாம். சாயமெல்லாம் கோலப்பொடி என்று தனியாகப் போய்விட்டது. வியாபாரம் கொஞ்சம் இறங்கித்தான் இருக்கிறது, உன்னிடம் என்ன மறைக்க? நல்ல குங்குமத்துக்கு விலையும் கூடுதல், நிறமும் அவ்வளவு பளபளப்பில்லை. சிலர் முகத்தைச் சுளித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகிறார்கள். "போறவங்க போகட்டும், வர்றவங்க வருவாங்க" என்கிறார் மாதையன்.

போன வாரம் நந்தினி பள்ளிக்கே வந்துவிட்டாள். ஹனூர்ப் பக்கமிருந்து வந்த ஒரு மூட்டை எலுமிச்சைக்கு மாறவில்லையாம், சாயம்தான் என்று அப்பா ஒதுக்கிவிட்டாராம். இவள் தண்ணீரில் போட்டுப் பார்த்திருக்கிறாள், தண்ணீரில் நிறம் இறங்கவில்லை, சாயமென்றால் இறங்கியிருக்கும். செய்கிறவர்களுக்கே போன் போட்டுக் கேட்டால், அவர்கள் மஞ்சளோடு சுண்ணாம்புக்குப் பதில் வெங்காரம், அதாவது போராக்ஸ், சேர்க்கிறார்களாம். "உங்க சோதனை மட்டும் பத்தாது டீச்சர்" என்று என் முகத்துக்கு நேரே சொன்னாள்! "வெங்காரம் போட்டா ஏன் மறுபடி மஞ்சளாகல?" என்றும் கேட்டாள். எனக்குத் தெரியாது கண்ணு என்றேன். "அப்ப நான் கண்டுபிடிக்கட்டுமா?" என்றாள். அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். ஏன் அக்கா அவ்வளவு அவசரமாகப் போனாய்?

வகுப்பிலும் ஒன்றை மாற்றிவிட்டேன். என்னவாகப் போகிறீர்கள் என்று கேட்டால் பாதிப் பேர் டாக்டர், மீதிப் பேர் இன்ஜினியர் என்பார்கள், கடைசி பெஞ்ச் வாயே திறக்காது. இப்போது அதைக் கேட்பதில்லை. 'உங்கள் வீட்டில் உங்களுக்குப் புரியாதது என்ன?' என்று கேட்கிறேன். ஆட்டோக்காரர் மகள், மீட்டருக்குத் தூரம் எப்படித் தெரிகிறது என்றாள். பூ விற்கிற வீட்டுப் பெண், மல்லிகை ஏன் சாயங்காலம் பார்த்து விரிகிறது என்றாள். நர்ஸம்மா மகளுக்கு, டயாலிசிஸ் மெஷின் ரத்தத்தில் கெட்டதை மட்டும் எப்படிப் பிரித்து எடுக்கிறது என்று தெரிய வேண்டுமாம். கடைசி பெஞ்சில் கை நின்றுகொண்டே இருக்கிறது, மணி அடித்தாலும் இறங்குவதில்லை. இவர்களுக்கு எத்தனை வேலைகள் காத்திருக்கின்றன என்று இப்போதுதான் ஒவ்வொன்றாகத் தேடிப் படித்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த மே மாதமும் போவேன் அக்கா. எலுமிச்சம்பழம் எடுத்துப் போக மாட்டேன். போன வீட்டில் வைத்ததைச் சாப்பிடுவேன், நாக்கைக் கடித்துக்கொண்டாவது சும்மா இருப்பேன், இன்னொரு கரண்டியும் கேட்பேன். ஆனால் விடை தெரிந்த எந்தப் பிள்ளையும், வீட்டு மானத்துக்காகத் தெரியாத மாதிரி தலைகுனிந்து நிற்க விட மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு. இந்த முறை நீயே போவாய் என்று நினைத்துக்கொண்டு தலையாட்டவில்லை.

உன் கூடப் பிறக்காத தங்கச்சி,
ஜெசிந்தா
மைசூர்