கரட்டு வழி

8.7.2024, திங்கள்

பகல் பதினொன்றரைக்கு செங்கரட்டுப்பட்டி குவாரியில் வெடி வைத்தார்கள். கல் தெறித்து, பக்கத்து வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த நாகஜோதியின் வலது கை நசுங்கிவிட்டது. மதுரைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

குவாரியில் சங்கு ஊதுவதே இல்லை. வெடி வைக்கிறவர்கள் ஒதுங்கி ஓடுவதைப் பார்த்ததும் ஊர்ச் சர்ச்சில் இருக்கிற எக்கா பாதர்தான் மணியை அடிப்பார். வயலில் நிற்கிற சனம் சுவரோரம் பதுங்கும். இன்று அவர் கலெக்டர் ஆபீஸ் வரிசையில் நின்றிருக்கிறார். கையில் இதே குவாரியைப் பற்றிய மனு.

டிப்பர் எல்லாம் என் தென்னந்தோப்பு வழியாகத்தான் ரோட்டுக்கு வருகிறது. மூன்று வருசமாக வாடகை வாங்குகிறேன். ஒப்பந்தம் ஆகஸ்ட் 31-ல் முடிகிறது.

11.7, வியாழன்

பாதர் என் தோல் மண்டிக்கு வந்தார். வருகிறவர்கள் நாற்றத்துக்கு மூக்கைப் பொத்துவார்கள். இவர் உப்புத்தோல் கட்டு மேலேயே உட்கார்ந்துகொண்டார். ஜார்க்கண்ட்காரர். பன்னிரண்டு வருசம் இங்கே இருந்தும் பாடப்புத்தகத் தமிழ்தான்.

"எங்கள் ஊரில் மலை போயிற்று. பிறகு கிணறு போயிற்று. பிறகு நாங்கள் போனோம்" என்றார். அப்புறம், "பாய், லாரிகளுக்கு வேறு பாதை இல்லை. நீங்கள் கொடுக்காதீர்கள். அது போதும்."

சரி என்றேன். சைக்கிளில் ஆட்டுத்தோல் வாங்கி மேலே வந்தவன் நான். வாயால் மட்டும் வாக்குக் கொடுக்கிற பழக்கமே கிடையாது. இதை ஏன் கொடுத்தேன்?

19.7

குவாரி முதலாளி மணிமாறன் வந்தார். வாடகை இரண்டு மடங்கு தருகிறாராம். முடியாது என்றேன். "என்ன பாய், ஞானஸ்நானம் வாங்கிட்டீகளா?" என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

வீட்டில் மனைவி ஜெய்தூன் பீவியிடம் சொன்னேன். இம்புட்டு வருசத்தில் இன்றைக்குத்தான் யாவாரத்தைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேனாம். பாராட்டா, கிண்டலா, தெரியவில்லை.

2.8

ஊர்க் காளியம்மன் கோயில் கும்பாபிஷேகச் செலவு மொத்தமும் மணிமாறன் பொறுப்பு. பாதர் மதம் மாற்ற வந்தவர் என்று ஒரு நோட்டீஸ் சுற்றுகிறது. அச்சடித்தது யாரென்று யாரும் கேட்கவில்லை.

12.8, திங்கள்

ஊர்க்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் மண்டிக்கு வந்தார்கள். பாதருக்குத் துணையாக வந்திருப்பார்கள் என்று டீ சொல்லிவிட்டேன். மடையன்.

முன்னால் நின்றது கருப்பணன், நாகஜோதி புருசன்.

"பாய், வழிய விட்டுருங்க."

நீயா இதைச் சொல்வது என்றேன்.

"ஆசுபத்திரிச் செலவ அவருதான் கட்டுனாரு. இன்னொரு ஆபரேசன் இருக்கு. நீங்க அடச்சா அவரு நிறுத்திப்புடுவாரு. அவளுக்கு வெரலு அசையணும் பாய். சர்ச்சு சாமி நல்லவருதான். இன்னைக்கு இருப்பாரு, நாளைக்குப் போயிருவாரு. நாங்க இங்கனதான கெடக்கணும்?"

அடைத்தால் அவள் கை. விட்டால் அடுத்தவள் கை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அந்தச் செலவை நானே கட்டலாம். கட்டுகிறேன் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. கருப்பணனுக்குக் கட்டினால் அடுத்து எத்தனை பேர் வருவார்கள் என்று உள்ளுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ச்சீ.

21.8, புதன்

பாதரை மாற்றிவிட்டார்கள். அவருடைய பாதுகாப்புக்காக என்று மேலிடத்துக் கடிதம். சொல்லிக்கொள்ள வந்தார். கருப்பணன் வந்துபோனது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"அவர் மீது கோபப்படாதீர்கள்" என்றார்.

என் மீது? கேட்கத் தெம்பில்லை.

சர்ச் மணிக்கூண்டுச் சாவியை மேசையில் வைத்தார். "அடிக்க ஓர் ஆள் வேண்டும், பாய்."

எடுக்காமல் விட்டிருக்கலாம். எடுத்தேன்.

31.8, சனி

கையெழுத்துப் போட்டேன். வழி ஐந்து வருசத்துக்கு. வாடகை மாசம் நாற்பதாயிரம், பழைய வாடகைக்கு இரண்டு மடங்கு. நாகஜோதியின் ஆபரேசன் செலவு கடைசிவரை குவாரியுடையது. வெடிக்குக் கால்மணி நேரம் முன்னால் ஆள் அனுப்பிச் சொல்ல வேண்டும். சர்ச் மணி அடித்த பிறகுதான் வெடி. மணி அடிக்கிற ஆள் கருப்பணன். அவன் சம்பளம் மாசம் ஒன்பதாயிரம், என் வாடகையில் பிடித்தம்.