விளக்கு வைத்தபின் கேட்ட உறைமோர்

ஐப்பசி 4, செவ்வாய்

விடியலிலிருந்து மழை. தகரக் கூரை இரண்டு இடத்தில் ஒழுகல். ஒரு வாளி, ஒரு குண்டான் வைத்தாயிற்று.

என் வீட்டுக்காரி மரகதம் படுத்து இது பதினெட்டாம் நாள். காய்ச்சல் விட்டது, வயிற்றுப்போக்கு விடவில்லை. ஆஸ்பத்திரித் தூள் மூன்று பொட்டலம், பலன் இல்லை. கை குச்சியாகிவிட்டது. வளையலைக் கழற்றி வைத்துவிட்டாள், தானாக விழுகிறதாம்.

நாவுல வெதமாத்தயா வந்தார். சிங்கள நாட்டு வைத்தியர், தமிழும் வரும். நாக்கைப் பார்த்தார். வயிற்றை அமுக்கினார்.

"தூள் நிறுத்துங்க. காலையில நீராகாரம், மத்தியானம் மோர். வெண்ணெய் ஒரு பொட்டும் நிக்கக் கூடாது. புளிச்சதுதான் இந்தக் குடலைக் கட்டும். பத்து நாள்ல தெரியும்."

என்ன தெரியும்? கேட்கவில்லை.

மாலை: சோறு ஒரு பிடி, மண்சட்டி, மூழ்கத் தண்ணீர், மேலே துணி. அடுப்பு ஓரம் வைத்தேன்.

ஐப்பசி 5, புதன்

நீராகாரம் சரியாக வந்தது. லேசான புளிப்பு. உப்பு ஒரு கல். அரைக் கோப்பை குடித்தாள். தங்கியது.

மோர்தான் பிரச்சினை. பால் கிடைக்கிறது (பால்காரன் அரைப் போத்தல், அதில் பாதி மகாவலி ஆற்றுத் தண்ணீர்). உறை இல்லை. நாவுலப் பக்கம் மாடுகளுக்குக் கோமாரியாம், தயிர்ச்சட்டி வண்டி இரண்டு வாரமாக மாத்தளைக்கு வரவில்லை. இந்தத் தெருவில் எல்லாம் டின் பால் குடிக்கிற கூட்டம். மாடு கட்டி, தயிர் கடைகிற வீடு ஒன்றுதான். அது கடைக்காரன் வீடு.

கடைக்காரன் என்றால் என் கூடப் பிறந்தவன். இந்தக் கொப்பியில் அவன் பெயரை எழுதி ஒன்பது வருஷம்.

எலுமிச்சைச் சாறு விட்டுப் பார்த்தேன். பால் திரிந்தது. கொட்டினேன்.

ஐப்பசி 6, வியாழன்

புளி ஒரு சுளை போட்டேன். பழுப்பு நிறம், கெட்ட நாற்றம். கொட்டினேன்.

மத்தோடு கிணற்றடியில் நின்றதைப் பக்கத்து வீட்டுக் காசிம் நானா பார்த்துவிட்டார். "கிளாக்கரையா, தோட்டத்துல செக்ரோல் பேரேடு எழுதின கை, இப்ப மத்துப் புடிக்குதா! அல்லாஹ் ஒவ்வொருத்தரை ஒவ்வொரு மாதிரி கடையுறான்." சிரிப்பு வேறு. பிறகு வேலி ஓரம் வந்து, மெதுவாக: "தம்பி வீட்டுல கேளுங்களேன். ரெண்டு தெரு தள்ளித்தானே."

இவருக்கு எதற்கு.

மறக்கக் கூடாதவை:
1. தோட்டத்துத் துரை. இருபத்திரண்டு வருஷ வேலையை ஒரு துண்டுக் கடுதாசியில் பறித்தான்.
2. அந்தக் கடுதாசியை வாசித்துவிட்டுச் சிரித்த தேயிலை ஃபேக்டரி டீமேக்கர்.
3. அப்பாவுக்குக் கொள்ளி. மூத்தவன் நான் தோட்டத்தில் உயிரோடு இருக்க, இளையவன் வைத்தான். நான் வந்தபோது சாம்பல்.

ஐப்பசி 7, வெள்ளி

மரகதம் இன்று ஒன்பது முறை. கடைசி இரண்டில் ரத்தம்.

போவதென்று முடிவு செய்தேன். பகலில் போனால் கோயில் தெரு முழுக்கப் பார்க்கும். கிளாக்கர் தம்பி வாசலில் பிச்சைக்கு நிற்கிறார் என்பார்கள். பொழுது சாயட்டும் என்று காத்திருந்தேன். குடையைத் தாழப் பிடித்துக்கொண்டு போனேன்.

கடைக்காரன் இல்லை. அவன் மனைவி கதவுக்குப் பின்னால். என்னிடம் நேரே பேசுகிற வழக்கம் இல்லை, புருஷனின் மூத்தவன் அல்லவா. சுவரைப் பார்த்துச் சொன்னாள்:

"விளக்கு வச்சாச்சு. வெள்ளிக்கிழமை வேற. விளக்கு வச்ச வீட்டுல மோர் வெளிய குடுக்க மாட்டாங்க. விடிஞ்சதும் கொண்டாந்து தர்றேன்."

உள்ளே குத்துவிளக்கு எரிகிறது. உறியில் தயிர்ச்சட்டி. எட்டிப் பிடிக்கிற தூரம்.

வந்துவிட்டேன். செருப்பு வாரும் அறுந்தது.

இந்த வழக்கம் எனக்குத் தெரியாததா? அம்மா உப்பு, ஊசி, மோர் மூன்றையும் பொழுதுபட்டால் வாசல் தாண்ட விட்டதில்லை. தெரியும். ஆனால் சாகக் கிடக்கிறவளுக்குக் கேட்டேன். அதற்குமா?

ஐப்பசி 8, சனி

விடிந்தும் விடியாமல் வாசலில் குரல். "அக்கா... அக்கோ... மோர் கொண்டாந்திருக்கேன்."

நான் தாழ்ப்பாளில் கை வைத்தபடி நின்றேன். திறக்கவில்லை. இரண்டு முறை கூப்பிட்டாள். பிறகு படியில் செம்பு வைக்கிற சத்தம்.

போனபின் எடுத்தேன். செம்பு நிறைய மோர், வாழையிலையால் வாய் கட்டியிருந்தது. நேற்று இல்லை, இன்று உண்டு. அவர்களுடைய நேரத்துக்கு, அவர்களுடைய சௌகரியத்துக்கு. கொல்லையில் வாழையடியில் ஊற்றினேன். செம்பைக் கழுவிப் படியிலேயே கவிழ்த்து வைத்தேன். வெறும் செம்பாக. ஒரு பிடி அரிசியாவது போட்டுத் திருப்புவது முறை. போடவில்லை.

"யாரு வந்தது?" என்றாள் மரகதம்.

"பால்காரன்."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

ஐப்பசி 9, ஞாயிறு

மிளகாய்க் காம்பு நான்கு, வெதுவெதுப்பான பாலில். காசிம் நானா வீட்டம்மா வேலிக்கு மேலாகச் சொன்ன வழி. துணி சுற்றி அரிசிப் பெட்டிக்குள் வைத்தேன்.

மழை. நீராகாரமும் இன்று தங்கவில்லை.

ஐப்பசி 10, திங்கள்

காம்புத் தயிர் உறைந்தது. ஆனால் கரண்டியில் எடுத்தால் நூல் நூலாக இழுக்கிறது. கடைந்து கொடுத்தேன். ஒரு வாய். வாந்தி.

ஐப்பசி 12, புதன்

வெதமாத்தயா.

"மோர் குடுத்தீங்களா?"

"கொடுத்தேன்."

அவள் வயிற்றில் கை வைத்தவர் எடுக்கவே இல்லை. பிறகு என்னைப் பார்த்தார். "ஒரு மடக்கு மோர் போகல இதுக்குள்ள. படிச்சவங்க பொய் சொன்னாலும் எழுத்துப் பிழை இல்லாமத்தான் சொல்றீங்க."

தட்சிணை வாங்காமல் போனார்.

ஐப்பசி 13, வியாழன்

காலை பத்து மணி. வெயில். குடை இல்லாமல் போனேன். தெரு முழுக்கப் பார்த்தது. பார்க்கட்டும்.

கடையில் மிளகாய் நிறுத்துக்கொண்டிருந்தவன் தராசை அப்படியே விட்டு இறங்கி வந்தான்.

"அண்ணே."

"உறை வேணும்."

"அன்னைக்குக் கொண்டாந்து வச்சாளே?"

"கொட்டிட்டேன்."

அவன் கையிலிருந்த மிளகாய்த் தூசியைத் தட்டினான். "வெறுஞ்செம்பைக் கவுத்து வச்சிருந்தீங்க. அதைப் பாத்துட்டு அவ ரெண்டு நாள் சோறு திங்கல."

அப்பாவின் கொள்ளிப் பேச்சை இழுத்தேன். அவன் குரலை உயர்த்தவில்லை.

"வெள்ளத்துல தோட்டத்துப் பாலம் போயிருச்சுண்ணே. ரெண்டு ஆள் அனுப்பி ரெண்டு ஆளும் திரும்பி வந்தான். மூணாம் நாள் பக்கத்துல நிக்க முடியல. அப்பாவை அப்படியே வச்சிருக்கச் சொல்றீங்களா?" பிறகு: "வெள்ளிக்கிழமையும் நீங்க இருட்டப் பாத்து வந்தீங்க. ஒரு நாழி முந்தி வந்திருந்தா அவளே வாசல்ல நின்னு குடுத்திருப்பா."

அவன் மனைவி செம்பில் தயிர் கொண்டுவந்தாள். இந்தத் தடவை சுவரைப் பார்க்கவில்லை. "பால் கை பொறுக்கிற சூட்டுல இருக்கணும். அக்காவுக்கு இதையே கடைஞ்சு இப்பவே குடுங்க. ஒரு கரண்டி மட்டும் உறைக்கு."

அதே செம்பு.

மத்தியானம் கடைந்தேன். வெண்ணெயை மூன்று முறை எடுத்தேன். தண்ணீர் போலத் தெளிவு. இரண்டு கரண்டி குடித்தாள். கண் மூடியபடி நாக்கில் வைத்திருந்தாள்.

"சின்னவரு வீட்டு மோர்தானே?"

"ஆமா."

"அன்னைக்கும் இதே வாசந்தான். கொல்லையிலருந்து வந்துச்சு." மூச்சு வாங்கினாள். "நீங்களா எடுத்துட்டு வருவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

ஐந்து நாள்.

ஐப்பசி 14, வெள்ளி

நேற்று நான் குத்திய உறை இன்று கட்டியாகத் தயிரானது. சாய்த்தாலும் அசையவில்லை. இப்படி ஒரு தயிர் இந்த வீட்டில் முன்பு உறைந்ததில்லை.

நான்கு கரண்டி. தங்கியது. போக்கு மூன்று முறைதான். வெதமாத்தயாவுக்கு ஆள் சொல்லி அனுப்பினேன்.

ஐப்பசி 15, சனி

வெதமாத்தயா மத்தியானம் வந்தார். மோரை முகர்ந்து பார்த்துத் தலையாட்டினார். "இதுதான். இதைத்தான் சொன்னேன்." நாடி பிடித்தார். வெளியே வந்து, செருப்பு மாட்டிக்கொண்டே: "ஒரு வாரம் முந்தி குடுத்திருந்தா."

அவ்வளவுதான் சொன்னார்.

மாலை இரண்டு கரண்டி. மூன்றாவதைக் கையால் மறித்தாள். தம்பி மனைவி வந்து உட்கார்ந்தாள். இருவரும் என்னவோ பேசினார்கள். வளையலை அவளிடம் கொடுத்திருக்கிறாள். நான் கேட்டுக்கொள்ளவில்லை.

ஐப்பசி 16, ஞாயிறு

மழை இல்லை. விடியுமுன் போய்விட்டாள்.

தம்பி வந்து வாசலில் நிற்கிறான். பந்தலுக்கு மூங்கில் வந்தாயிற்று. காசிம் நானா நாற்காலிகள் கொண்டுவருகிறார்.

ஆறரைக்குப் பால்காரன் கொல்லைப் பக்கமாக வந்து கூப்பிட்டான். அவனிடம் யாரும் சொல்லவில்லை. சட்டியை நீட்டினேன். ஊற்றிவிட்டுப் போனான்.