சாம்பல் மேட்டுக் கரும்பு

என்னை முந்திக்கொண்டு போனவளே,

நேற்று புக்கிட் ரோத்தான் சாலையோரக் கடையில் கரும்புச் சாறு குடித்தேன். சப்பென்று இருந்தது. பச்சை வாசம் மட்டும் தூக்கலாக அடித்தது. கடைக்காரன் கரும்பின் உயரத்தைப் பற்றிப் பெருமை பேசினான். அந்த உயரத்தின் லட்சணம் நமக்குத் தெரியாதா? பாதிக் கிளாசை அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

நீ போய் நாற்பது நாளாகிறது. சாவு வீட்டில் ஊரார் பேசியதற்கெல்லாம் தலையாட்டினேன். சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. இனிச் சொல்லி ஆகப்போவதும் ஒன்றுமில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

எண்பதுகளில் நம் தோட்டத்துத் துரை, செம்பனை மரங்களுக்கு நடுவே மூன்று ஏக்கரில் கரும்பு போட்டுப் பார்த்தார். நன்றாக இனித்தால் நம் கூட்டத்து ஐந்து பெண்களுக்கும் அங்கேயே நிரந்தர வேலை என்றார். களைமருந்துப் பம்பு சுமந்து முதுகு வெந்துபோயிருந்த நமக்கு அது சாமி கொடுத்த வரம். அப்புறம் தோட்ட ஆபீசில் இலையைச் சோதனைக்கு அனுப்பச் சொன்னார்கள். தழைச்சத்துக்கு ஏற்ற அளவில் சாம்பல்சத்தும் இலையில் இருக்க வேண்டுமாம். தழைச்சத்து மட்டும் ஏறினால் கரும்பு வளருமே தவிர இனிக்காதாம்.

பறிக்கிற பொறுப்பு உன்னுடையது. குறித்த கரும்பில் மட்டும், உச்சியிலிருந்து மூன்றாவது இலை. நுனி கருகியிருந்தாலும் அதையேதான் எடுத்தாய். நல்லதாகப் பார்த்துப் பறிக்கக் கூடாதா என்று முனகினேன்.

"காய்ச்சக்காரி ரத்தத்தத்தான்டி சோதிக்கணும். பக்கத்து வீட்டுக்காரி ரத்தத்த எடுத்து என்னா பண்றது?" என்றாய்.

இலைக் கட்டை ஆபீசுக்குக் கொண்டுபோனவள் நான். வழியில் பயம் பிடித்துக்கொண்டது. இந்தக் கருகலைப் பார்த்தால் துரை கரும்பே வேண்டாம் என்றுவிட்டால்? உன் இலைகளைக் கால்வாயில் வீசினேன். லயத்து வீட்டுப் பெண்கள் அடுப்புச் சாம்பல் கொட்டும் ஓரத்தில் நின்ற கரும்பு தளதளவென்று இருந்தது. அதில் பறித்து, நீ செய்வது போலவே நடுநரம்பை உரித்துக் கட்டிக் கொடுத்தேன். புத்தி கெட்டவள்.

சாம்பல்சத்து போதுமென்று முடிவு வந்தது. தழைச்சத்துக்கான யூரியாவை மட்டும் கொட்டினார்கள். கரும்பு ஓங்கி வளர்ந்து சாய்ந்தது. பிழிந்தால் வெறும் தண்ணீர். மறுபடி சோதித்தபோது சாம்பல்சத்தே போதவில்லை என்று குட்டு வெளிப்பட்டது. இலையை மாற்றி ஏமாற்றிவிட்டாய் என்று ஆபீஸ் கிராணி எல்லார் முன்னாலும் உன்னை ஏசினார்.

"நான் கணக்காத்தான் பறிச்சேன், ஐயா," என்று ஒரே தடவை சொன்னாய். சாட்சிக்கு என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் தரையைப் பார்த்தேன்.

கரும்பை அழித்துச் செம்பனை நட்டார்கள். ஐவரும் மறுபடி பம்பைத் தூக்கினோம். உடம்பு முடியாமல் போகும்வரை நீ அதை இறக்கி வைக்கவில்லை.

போவதற்கு முந்தின வாரமும் படுக்கையில் கிடந்தபடி கேட்டாய்: "அந்த எலை எப்புடிடி மாறுச்சு?"

ஆபீசில்தான் மாற்றியிருப்பார்கள் என்றேன்.

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்லா," என்று என் வலது கையைப் பிடித்துக்கொண்டாய். உன் இலைகளை வீசியதும் அந்தக் கைதான். அதே கையால்தான் இன்றும் சோறு பிசைகிறேன்.