தூண் ஏழுக்கு இடப்பக்கம்

நவம்பர் 4, திங்கள்

டிக்‌ஷனரியில் 'ரி' பக்கம் முடிகிற வழியாகத் தெரியவில்லை. ரிஜெக்ட், ரிவொர்க், ரிப்பேர், ரிட்டர்ன், ரிலீஸ், ரினியூ, ரிமார்க்ஸ். கம்பெனியில் ஒரு நாளைக்கு என் வாயில் வரும் இங்கிலீஷில் பாதி இந்த ஆரம்பம்தான். ஆறு வருஷமாகச் சொல்கிறேன். அர்த்தம் கேட்டால் கையைக் காட்டத்தான் தெரியும்.

25ஆம் தேதி பர்மனென்ட் இன்டர்வியூ. கான்ட்ராக்டில் இருக்கிற இன்ஸ்பெக்டர்கள் நாங்கள் ஐந்து பேர், எடுக்கப்போவது இரண்டு பேரை. புதிதாக வந்திருக்கிற குவாலிட்டி ஹெட் தீபிகா மேடம் இங்கிலீஷில்தான் கேட்பாராம். பத்தாவதில் எனக்கு இங்கிலீஷ் முப்பத்தேழு மார்க். அதில் இரண்டு டீச்சர் போட்ட பிச்சை.

"ரின்னா மறுபடியும்னு அர்த்தம்டி. அத்த புடிச்சிக்கோ, மிச்சம்லாம் தானா வரும்," என்றாள் சபீனா. அவளும் என்னோடு இன்ஸ்பெக்‌ஷனில்தான். அப்படின்னா ரிஜெக்ட் இன்னாடி, மறுபடியும் ஜெக்ட்டா என்று கேட்டேன். வடையை வாயில் வைத்துக்கொண்டு முழித்தாள்.

நவம்பர் 6, புதன்

இன்று ஒன்று விளங்கியது. எழுதி வைக்கிறேன், இன்டர்வியூவில் கட்டாயம் வரும் என்கிறார்கள்.

ரிவொர்க்: வேலையை மறுபடி செய்து டிராயிங்கில் உள்ளபடியே கொண்டுவருவது. புதுசுக்கும் அதற்கும் வித்தியாசம் கிடையாது. ரிப்பேர்: ஓடும், ஆனால் டிராயிங்படி இருக்காது. எங்கள் வீட்டு மிக்ஸி ரிப்பேர். என் வீட்டுக்காரர் கோபி ஓட்டுகிற வண்டியும் ரிப்பேர்தான். ரிஜெக்ட்: முடிந்தது. மறுபடி என்ற பேச்சே இல்லை. இதில் மட்டும் 'ரி' பின்னால் தள்ளுகிறதாம். சபீனா போனில் பார்த்துச் சொன்னாள்.

நாங்கள் செய்வது பைக்குக்குப் பிரேக் பெடல், வலது காலால் மிதிப்பது. வெல்டிங் முடிந்து என் டேபிளுக்கு வரும். விரிசல் இருந்தால் அந்த இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டு ரிஜெக்ட் கிரேட்டில் போடுவேன், பிளாஸ்டிக் கூடைதான் கிரேட். பிசிறு இருந்தால் ரிவொர்க், அதை கலியமூர்த்தி அண்ணன் கிரைண்டரில் தேய்த்துவிடுவார். கிரேட் எல்லாம் ஒரே நீலம். கலர் கிரேட் கேட்டு இரண்டு வருஷம் ஆகிறது. அதனால் இடம்தான் எங்களுக்குக் கணக்கு. தூண் ஏழுக்கு இடப்பக்கம் ரிஜெக்ட், வலப்பக்கம் ரிவொர்க். எந்தக் கிரேட் எது என்கிற டேக்கை ஷிஃப்ட் முடியும்போது மொத்தமாக எழுதிக் கட்டுவேன். யாரும் இதுவரை மாற்றி எடுத்ததில்லை.

நவம்பர் 9, சனி

ரினியூ என்றால் புதுப்பிப்பது. என் கான்ட்ராக்டை ஆறு தடவை ரினியூ செய்திருக்கிறார்கள். நான் மட்டும் பழசாகிக்கொண்டே போகிறேன்.

நவம்பர் 13, புதன்

காலையிலிருந்து விடாத மழை. இன்டஸ்ட்ரியல் எஸ்டேட் ரோட்டில் முழங்கால் தண்ணீர். இரண்டு மணிக்கு ஷட்டருக்கு அடியில் புகுந்து உள்ளேயே வந்துவிட்டது. சூப்பர்வைசர் உலகநாதன் சார் கத்தின கத்தில் எல்லாரும் கிரேட்டுகளைத் தூக்கி லோடிங் மேடையில் ஏற்றினார்கள். நான் அளவு பார்க்கிற என் கேஜ்களைக் காப்பாற்ற ஓடினேன். கேஜ் நனைந்தால் என் தலைதான் போகும்.

நாலு மணிக்கு, "ரேகா, டேக் கட்டிட்டுக் கிளம்பு, பஸ் நின்னுடும்" என்றார் சார். பின்பக்கப் படி வழியாக மேடையில் ஏறினேன். தூண் பக்கத்தில் இருந்த வரிசையிலேயே வைத்திருந்தார்கள். இடது ரிஜெக்ட், வலது ரிவொர்க், கட்டினேன். கரண்ட் இல்லை, டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு கட்டினேன். கொரட்டூர் ஏரி நிரம்பிவிட்டது என்று பஸ்ஸில் சொன்னார்கள். வீடு வர மூன்று மணி நேரம்.

நவம்பர் 14, வியாழன்

தலைவலி. ரிகவர் என்றால் தேறுவது. தேறவில்லை.

நவம்பர் 19, செவ்வாய்

சாப்பாட்டு நேரத்தில் சபீனா கேள்வி கேட்க, நான் பதில் சொல்லிப் பார்க்கிறேன். "வாட் ஈஸ் ரிலீஸ்?" சரியென்று கையெழுத்துப் போட்டு அனுப்புவது. அதை பர்மனென்ட் ஆட்கள்தான் போடலாம். எனக்கு அந்தக் கையெழுத்தைப் போட ஆசை. சம்பளத்துக்காக மட்டும் இல்லை. நான் பார்த்த பெடலுக்கு நான் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான்.

கலியமூர்த்தி அண்ணன் வந்து உட்கார்ந்தார். "போன வார ரிவொர்க்கு லட்டு மாரி இருந்திச்சி ரேகா. பிசிறே இல்ல. டீக்கு முன்னாடி முச்சிட்டேன்." எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

நவம்பர் 22, வெள்ளி

பார்த்ததைப் பார்த்தபடியே எழுதுகிறேன்.

ஸ்கிராப் மூலையில் போன வார ரிஜெக்டை கேஸ் கட்டரில் வெட்டிக்கொண்டிருந்தார்கள். துடைக்கத் துணி எடுக்கப் போனவள் சும்மா ஒரு துண்டைக் கையில் எடுத்தேன். பிசிறு. விரிசல் இல்லை. இன்னொன்று, பிசிறு. பத்துப் பதினைந்து எடுத்துப் பார்த்தேன். எல்லாமே தேய்த்தால் சரியாகிவிடும் பீஸ். ரிவொர்க் பீஸை வெட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அப்படியென்றால் ரிஜெக்ட் எங்கே போயிற்று?

மேடைக்குப் போனேன். முன்பக்கம் நின்று பார்த்தேன். அப்புறம் பின்பக்கப் படியில் ஏறிப் பார்த்தேன். ஐயோ. அவர்கள் முன்னாலிருந்து வைத்தார்கள், நான் பின்னாலிருந்து ஏறினேன். என் இடது அவர்களுக்கு வலது. ஒரு பீஸை எடுத்துப் பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை. சாக்பீஸ் வட்டத்தை மழை கழுவிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். அதுவும் நொண்டிச் சாக்குதான்.

விரிசல் விழுந்த பெடலை கலியமூர்த்தி அண்ணன் பளபளவென்று தேய்த்திருக்கிறார். மெல்லிய விரிசல் கிரைண்டரில் மூடிக்கொள்ளும். மேலே கறுப்புப் பெயின்ட். தேய்த்த பிறகு செக் செய்தவர் கண்ணிலும் பட்டிருக்காது. என் ரிஜிஸ்டரில் 13ஆம் தேதி: ரிஜெக்ட் அறுபத்திரண்டு. நேற்று லாரி போய்விட்டது.

நவம்பர் 23, சனி

உலகநாதன் சாரிடம் சொன்னேன். கதவைச் சாத்தினார்.

"யாருக்குத் தெரியும்?"

"எனக்கும் உங்களுக்கும் சார்."

"அதோட நிறுத்திக்க. நாலாயிரம் பீஸுல அறுபத்திரண்டு. எல்லா விரிசலும் ஒடையுமா? அப்டியே ஒடஞ்சாலும் எந்தக் கம்பெனி பீஸுன்னு எவன் பாக்கப்போறான்? திங்கக்கெழம உனக்கு இன்டர்வியூ. உன் பேர நான்தான் எழுதிக் குடுத்துக்கீறேன், ஞாபகம் வச்சிக்கோ."

தீபிகா மேடம் லீவு. போன் நம்பர் கேட்டேன், கொடுக்கவில்லை. மனுஷன் நல்லவர்தான். என் பிள்ளைக்கு டைஃபாய்டு வந்தபோது மூன்று நாள் லீவை மறைத்துக் காப்பாற்றியவர். அதனால்தான் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

நவம்பர் 24, ஞாயிறு

கோபியோடு பைக்கில் பூந்தமல்லி போனோம், சின்ன மாமியார் வீட்டு விசேஷம். மெட்ரோ வேலை நடக்கிற இடமெல்லாம் குழியும் சேறும். வழி முழுக்க நான் ஒன்றையும் பார்க்கவில்லை. வலது காலையே பார்த்தேன். சிக்னலில் நிற்கிற ஒவ்வொருத்தன் வலது காலும். செருப்பு, ஷூ, வெறுங்கால். முன்னால் பெட்ரோல் டேங்க்மேல் ஒரு குழந்தையை உட்காரவைத்து ஒரு ஆள் லாரிக்குப் பின்னாடி பிரேக் அடித்தார். நான் "அம்மா" என்று கத்திவிட்டேன்.

கோபி வண்டியை ஓரம் கட்டிவிட்டார். சொன்னேன், எல்லாவற்றையும். அவர் சாப்பாடு டெலிவரி செய்கிறவர், நாள் முழுக்க அந்தக் கால் பெடல்மேல்தான்.

"ஆறு வர்சம் மாடு மாரி ஒழச்சிட்டு, ஒரு நாள்ல எல்லாத்தையும் போட்டு ஒடச்சிடுவியா? வாய மூடிக்கினு இன்டர்வியூவ முச்சிட்டு வா," என்றார். திரும்பி வரும்போது எண்பதில் ஓட்டுகிற மனுஷன் முப்பதைத் தாண்டவில்லை. ஒவ்வொரு குழியிலும் இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பிடித்து வந்தார். வீட்டு வாசலில் சாவியைப் பிடுங்கிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "சொல்லித் தொல" என்றார்.

நவம்பர் 25, திங்கள்

முதல் ஆள் நான்தான்.

தீபிகா மேடம் என்னைவிடச் சின்னவர். பக்கத்தில் எச்.ஆர். ஆள், ஓரத்தில் உலகநாதன் சார். முதல் கேள்வியே ரிவொர்க்குக்கும் ரிப்பேருக்கும் என்ன வித்தியாசம். இங்கிலீஷில் சொன்னேன், தடங்கல் இல்லாமல். மிக்ஸி உதாரணம்கூடக் கொடுத்தேன். மேடம் சிரித்தார். "வெரி குட். அண்ட் ரிஜெக்ட்?"

மனப்பாடம் செய்த பதில் நாக்கு நுனியில் நின்றது. வரவில்லை. "ரிஜெக்ட் மீன்ஸ் நோ செகண்ட் சான்ஸ் மேடம். சிக்ஸ்டி டூ பீஸ் ரிஜெக்ட். ஐ டை ராங் டேக். பீஸ் கான். மை மிஸ்டேக்." இங்கிலீஷ் அங்கேயே தீர்ந்துவிட்டது. மேடை, மழை, பின்பக்கப் படி, மிச்சம் எல்லாவற்றையும் தமிழில் கொட்டினேன். அழுதேனா? அழுதேன். இன்டர்வியூவுக்கு என்று கட்டிப்போன புடவைத் தலைப்பிலேயே மூக்கைத் துடைத்தேன்.

மேடம் பேனாவை மூடினார்.

"எந்த லாரிம்மா?"

சுத்தத் தமிழ். ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவராம், அப்புறம் சபீனா சொன்னாள். உலகநாதன் சாரிடம் எப்போது சொன்னேன் என்று மேடம் கேட்டார். சனிக்கிழமை என்றேன். சார் என்னைப் பார்க்கவில்லை. மேடம் போனை எடுத்தார்.

நவம்பர் 27, புதன்

பைக் கம்பெனி குடோனில் மூன்று பேர் காலையிலிருந்து பெட்டியைப் பிரிக்கிறோம். ரிவொர்க் செய்த பீஸுக்கு அடியில் ஒரு புள்ளி குத்துவது எங்கள் வழக்கம். அந்த லாரியில் போன ரிவொர்க் அந்த ஒரு கிரேட் மட்டும்தான், அதனால் அந்தப் புள்ளியைத் தேடுகிறேன். அங்கே வண்டி மாட்டுகிற லைனை நிறுத்திவிட்டார்கள். அவர்கள் ஆட்கள் பார்க்கிற பார்வை இருக்கிறதே. ஒருத்தன் என் காதுபடவே, "இந்தம்மாதான் அது" என்றான். ஆமாம், இந்தம்மாதான். நகர்ந்து நில்லு.

நாற்பத்தெட்டு.

நவம்பர் 28, வியாழன்

அறுபத்தொன்று. மாட்டி முடித்த பைக்கில் இருந்த ஒன்பதையும் கழற்றியாயிற்று. இன்னும் ஒன்று. பெட்டி எல்லாம் தீர்ந்துவிட்டது. புதன்கிழமைக்கு முன்னால் இருபது வண்டி ஷோரூமுக்குப் போயிருக்கிறதாம். யார் காலடியில் இருக்கிறது? அந்த ஒன்று யார் காலடியில் இருக்கிறது?



நவம்பர் 29, வெள்ளி

இருபது வண்டியையும் தேடிப் பிடித்துப் பார்க்கச் சொல்லிவிட்டார்கள். நாங்கள் கம்பெனிக்குத் திரும்பினோம். மறுபடி தூறல். கிரைண்டர்மேல் கலியமூர்த்தி அண்ணன் தார்ப்பாய் கட்டியிருந்தார். காற்றில் படபடவென்று அடித்தது, ஒரு முனை மட்டும் அசையவில்லை. அந்த முனையில் கயிறு கட்டி எதையோ தொங்கவிட்டிருந்தார்.

பெடல். பெயின்ட் இல்லை. புரட்டினேன், அடியில் புள்ளி.

"இத எப்ப எடுத்தீங்க அண்ணே?"

"அந்த மழ வாரத்துலதான், தேச்சி முச்ச கையோட. தார்ப்பாய் பறந்துகினே கீது, வெயிட்டுக்கு ஒண்ணு மாட்டினேன். ஏன், ஒரு பீஸு எடுத்ததுக்கா இப்டி அழுவுற?"

தார்ப்பாய் பறந்தால் பறக்கட்டும் என்று அவிழ்த்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன். மேடம் மேஜைமேல் வைத்தேன். அறுபத்திரண்டு.

டிசம்பர் 9, திங்கள்

நோட்டீஸ் போர்டில் லிஸ்ட். சபீனா பெயர் இருந்தது. என் பெயருக்கு நேராக ரிஜெக்டட்.

ஏழெழுத்து, எட்டெழுத்து, எண்ணிக்கொண்டே நின்றேன். சபீனா கட்டிப்பிடித்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தது அவளுக்காக, பொய் இல்லை. பாத்ரூமில் போய் அழுததும் பொய் இல்லை. உலகநாதன் சார் பெயின்ட் ஷாப்புக்கு மாறிவிட்டார். என்னைத் தாண்டிப் போனார். கான்ட்ராக்ட் மட்டும் ஏழாவது தடவை ரினியூ.

கோபி பிரியாணி வாங்கி வந்தார்.

டிசம்பர் 16, திங்கள்

சிவப்புக் கிரேட், மஞ்சள் கிரேட் வந்துவிட்டன. இனி டேக் எழுதாமல் கிரேட்டில் ஒரு பீஸ்கூட விழக்கூடாது. அந்தப் பேப்பரை இங்கிலீஷிலும் தமிழிலும் என்னைத்தான் எழுதச் சொன்னார் மேடம். இங்கிலீஷில் பதினோரு தப்பு. திருத்திக் கொடுத்துவிட்டு, "மார்ச்ல மறுபடி இன்டர்வியூ இருக்கு" என்றார்.

டிசம்பர் 20, வெள்ளி

ரிலீஸ் சீட்டு புதிதாக அடித்து வந்திருக்கிறது. கீழே இரண்டு கட்டம். ஒன்று பர்மனென்ட் ஆளுக்கு. இன்னொன்று, பீஸைப் பார்த்தவருக்கு. இரண்டும் நிரம்பாமல் லாரியைக் கேட்டைத் தாண்ட விடமாட்டார்கள்.

மதியம் டிரைவர் சீட்டை எடுத்துக்கொண்டு கேன்டீனுக்கே வந்துவிட்டார். "அக்கா, ஒரு கையெழுத்துதான, சும்மா போட்டு உடுக்கா, லேட்டாவுது." சபீனா தன் கட்டத்தில் ஏற்கெனவே போட்டிருந்தாள். நான் தயிர்சாதத்தை முடித்தேன், டப்பாவைக் கழுவினேன், போய் எல்லாப் பெட்டியிலும் கைவிட்டுப் பார்த்தேன். லாரி நாற்பது நிமிஷம் நின்றது.

அப்புறம் போட்டேன். ரேகா.